மானாற்றுக்குப் போக ஒரு திட்டம்

எத்தனை பேர் என்ற இடத்தில் நான்கு என்று எழுதினேன், அடித்தேன், அடித்ததற்குப் பக்கத்திலேயே மறுபடியும் நான்கு என்று எழுதினேன். வதனி, மாப்பிள்ளை, என் வீட்டுக்காரி நாகு, நான். நாலு பேர்தான், இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் பொதுப்பணி இலாகாவில் மதகும் பாலமும் கட்டி ஓய்வு பெற்ற அவினாசியப்பன், எழுபத்தோரு வயதில், மகளோடு இரண்டு நாள் ஒரு காட்டுக்குப் போய்வர நாலு வரி எழுதத் தெரியாமல் காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிறுக்கிக்கொண்டிருக்கிறான். நேற்றுச் சாயங்காலம் வதனி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். “அப்பா, சனிக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம். இவருக்கு மானாறு மழைக்காட்டப் பாக்கோணும்னு ரொம்ப நாளா ஆசை. நீங்க வேலை பாத்த காடாச்சே, நீங்களே பிளான் பண்ணிருங்கப்பா.” சரி கண்ணு என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் கைவசம் இல்லை, அதனால் சரி என்று வந்துவிட்டது. பூங்கா அலுவலகத்தின் நம்பரை அனுப்பியிருக்கிறாள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரைதான் போனை எடுப்பார்களாம், தேசியப் பூங்கா என்பதால் முன்கூட்டியே பெயர் கொடுக்காமல் உள்ளே விட மாட்டார்களாம். இப்போது பத்தேகால். ஆனைகட்டி வழியாகப் போவதா, பாலக்காடு சுற்றிப் போவதா? அப்போது ஆனைகட்டி வழியில் ஜீப் மட்டும்தான் போகும், இப்போது பஸ்ஸே போகிறது என்கிறார்கள். அல்லது பாலக்காட்டு வழியில்தான் ஜீப் போனோமா. ஜீப்பின் பின்பக்கத் தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாக மழை என் இடது தோளில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது, எந்தப் பாதை என்பது நினைவில்லை.

பூங்காவில் நடப்பதற்கு இரண்டு பாதைகள் என்று வதனி அனுப்பிய பக்கத்தில் போட்டிருக்கிறது. கோபுரப் பாதை, ஒரு கிலோமீட்டர், எல்லா வயதினருக்கும் ஏற்றது. ஆற்றுப் பாதை, எட்டு கிலோமீட்டர், பழைய சர்வே முகாம் வரை, உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். பழைய சர்வே முகாம். அதை நாலைந்து தடவை வாசித்தேன். நாங்கள் பன்னிரண்டு பேர் மூங்கில் தட்டியிலும் தார்ப்பாயிலும் பதினான்கு மாதம் கிடந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்து, அம்புக்குறி போட்டு, ஜனங்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அங்கே பார்க்க என்ன இருக்கும். அடுப்புக்கல் இருக்குமோ. நாங்கள் நட்ட எல்லைக்கல் ஒன்றிரண்டு பாசி பிடித்து நிற்கும். கோபுரப் பாதை என்று தாளில் எழுதினேன். அது போதும், நாகுவுக்கு முட்டி வலி, நமக்கும் வயசாகிவிட்டது, மேலே ஏறி நின்று நாலு மலையைப் பார்த்துவிட்டு இறங்கினால் மாப்பிள்ளையின் ஆசை தீர்ந்தது. ஆனால் மாப்பிள்ளை நடக்கிற ஆள். ஆற்றுப் பாதைதான் கேட்பார். “மாமா, உங்க கேம்ப்பையே காட்டுங்க” என்பார். எடுத்துப்போக வேண்டியவை என்று அடுத்த வரியில் எழுதினேன். டார்ச். குடை, இல்லை, அந்த மழைக்குக் குடை உதவாது, ரெயின்கோட். நாகுவின் மாத்திரை. அட்டைப்பூச்சிக்கு உப்பு. உப்பு கொண்டுபோனால் நசநசத்துப் போகும், அதற்குப் பதிலாகப் புகையிலை ஊறின தண்ணீரை முட்டிவரை பூசிக்கொண்டால் அட்டை கிட்டே வராது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது மருதன். இதோ, பெயர் வந்துவிட்டது. இன்று காலையிலிருந்து இந்தத் தாளைச் சுற்றிச் சுற்றி நான் எழுதாமல் இருந்தது இந்தப் பெயரைத்தான் போலிருக்கிறது.

மருதன் எங்கள் முகாமில் ஸ்டாஃப் பிடித்தவன். பிடித்தவர். அப்போது எனக்கு இருபத்தாறு, அவனுக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும், ஆனாலும் நான் அவன் இவன் என்றுதான் பேசினேன், வா மருதா போ மருதா என்றுதான் கூப்பிட்டேன், எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்கு மனசுக்குள்ளே நினைக்கும்போது அவர் என்று வருகிறது, அடுத்த வாக்கியத்தில் அவன் ஆகிவிடுகிறது. மானாற்றின் குறுக்கே ஓர் அணை கட்டுவதாக இருந்தது. எங்கே பள்ளம், எங்கே மேடு, தண்ணீர் எதுவரை ஏறும் என்று அளப்பதற்குத்தான் எங்களை அனுப்பினார்கள். ஸ்டாஃப் என்பது நாலு மீட்டர் உயர மரக்கோல், வரிவரியாக எண் போட்டிருக்கும். அதை அவர் ஓரிடத்தில் நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் தூரத்தில் முக்காலி மேல் வைத்த லெவல் கருவியின் குழாய்க்குள் கண்ணை வைத்து, நடுக்கம்பி எந்த எண்ணில் விழுகிறது என்று படித்து நோட்டில் எழுதுவேன். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். பதினான்கு மாதம் நான் மருதனைத் தலைகீழாகவே பார்த்தேன். கால் மேலே, தலை கீழே, வானத்திலிருந்து தொங்குகிற மாதிரி. பழகிவிடும், பழகினபிறகு தலைகீழ் என்றே தோன்றாது. அவர் ஊர் எங்கள் முகாமிலிருந்து கூப்பிடு தூரம், பதினைந்து குடிசை. அவருடைய மகள், ஐந்து வயது இருக்கும், வந்து முக்காலிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும், கால் பட்டால் கருவி நகர்ந்துவிடும் என்று நான் சத்தம் போடுவேன், அது எழுந்து ஓடிப்போய் ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் வந்து உட்காரும். அதன் பெயர் என்ன. நெஞ்சில் நிற்கிறது, நாக்கில் வரவில்லை. போன் பண்ணினேன். வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பொம்பளைக் குரல் மூன்று பாஷையில் சொன்னது. எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல் எதற்கு என்று உடனே பயமும் வந்தது.

“என்னுங்க, போன் பண்ணீட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே நாகு மோர் கொண்டுவந்து வைத்தாள். லைன் கிடைக்கவில்லை என்றேன். தாளை எட்டிப் பார்த்தாள். “எதுக்கு இத்தன அடிச்சு எழுதியிருக்கீங்க?” “நாலு பேருன்னு போடறதா மூணுன்னு போடறதான்னு தெரியல. நீ நடப்பயா?” “எனக்கு முட்டி இருக்கற இருப்புல மலையெல்லாம் ஆகாதுங்க. ரூமுக்கு நாலு, நடக்கறதுக்கு மூணுன்னு போடுங்க. இதுல என்ன இவ்ளோ ரோசனை?” சரிதான், அவ்வளவு சுலபம். நாகரத்தினத்துக்கு எல்லாமே இப்படிச் சுலபமாகத்தான் தெரியும், அவள் கை வைத்தால் சுலபமாகவும் ஆகிவிடும். மோர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள். “கல்யாணமான புதுசுல எத்தன தடவ கேட்டிருப்பேன், நீங்க வேலை பாத்த காட்டக் காட்டுங்கன்னு. ஒருக்காக் கூடக் கூட்டிட்டுப் போகல. இப்ப மக கேட்டதும் ஒத்துக்கிட்டீங்க.” அதில் கோபமில்லை, கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. “அங்க என்ன இருக்குது, அட்டையும் மழையுந்தான்” என்றேன். நாற்பத்து நான்கு வருஷமாக நான் சொல்கிற பதில். கூடவே குரங்குக் கதையும் சொல்வேன். கல்யாண வீடுகளில், ரிட்டையர்மென்ட் விருந்துகளில், யாராவது மானாற்றுப் பேச்சை எடுத்தால் போதும், “நாலு குரங்குக்காக அணையையே கைவிட்டாங்க சார், நான் பதினாலு மாசம் அட்டைக்கு ரத்தம் குடுத்தது வீண்” என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். எப்படித் திருப்புவது என்பது இத்தனை வருஷத்தில் கைவந்த வேலை. நாகு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்திரிக்காய் தாளிக்கிற வாசம் வந்தது. மறுபடியும் நம்பரைப் போட்டேன், மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பதினொன்று பத்து.

அணை வந்திருந்தால் எல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கும். முகாம், ஊர், ஆற்றில் நாங்கள் அளந்த அந்தக் குறுக்குக் கோடு, அந்த இடம். அணை கட்டுவதில்லை, காடும் குரங்குகளும் அப்படியே இருக்கட்டும் என்று நாலு வருஷம் கழித்து முடிவானபோது நான் தாராபுரத்தில் ஒரு வாய்க்கால் வேலையில் இருந்தேன். பேப்பரில் படித்தேன். கூட வேலை செய்தவர்கள் கொதித்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து கொதித்தேன். ஆனால் என் கோபம் அவர்களுடைய கோபம் இல்லை. தண்ணீர் மூடியிருக்க வேண்டிய ஒன்று மூடாமலே கிடக்கிறதே என்ற கோபம். அப்படியா, அல்லது இதையும் இப்போது உட்கார்ந்து ஜோடிக்கிறேனா. இந்த வயதில் நினைவு எது, நினைவைப் பற்றிப் பிறகு நினைத்தது எது என்று பிரிக்க முடிவதில்லை. தண்ணீரும் வண்டலும் கலந்த மாதிரி இருக்கிறது. அசையாமல் வைத்தால் தெளியும் என்று நாற்பத்தைந்து வருஷம் அசையாமல் வைத்துப் பார்த்துவிட்டேன். தெளியவில்லை.

அன்றைக்கு ஆற்றின் குறுக்கே அளந்துகொண்டிருந்தோம். அது நிச்சயம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரு கோடு, ஐந்து மீட்டருக்கு ஓரிடம், ஒவ்வோரிடத்திலும் மருதன் தண்ணீருக்குள் இறங்கி ஸ்டாஃபை ஊன்றி நிற்க வேண்டும். காலையில் தண்ணீர் முட்டிக்கு மேல் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இடுப்பு. நடு ஆற்றில் ஓரிடம்தான் பாக்கி. மருதன் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். “சாரே, மேல மழ. எல மெதந்து வருது பாருங்க. நாளைக்கு நிக்கலாம்” என்றார். சொன்னாரா? சொன்னார். இலை மிதந்து வந்ததை நானும் பார்த்தேன், பச்சை இலைகள், அப்போதுதான் பிய்ந்த இலைகள். ஆனால் சில நாட்களில் அவர் எதுவும் சொல்லவில்லை, நான்தான் பின்னால் அவர் வாயில் அந்தப் பேச்சை வைத்தேன் என்றும் தோன்றும். இல்லை, சொன்னார், ஏனென்றால் நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மருதா.” அவர் இறங்கிப் போனார். ஆற்றின் இரைச்சலில் கத்தினால் கேட்காது, அதனால் எங்கள் முகாமில் கையால்தான் பேசிக்கொள்வோம். ஒரு கையைப் பக்கவாட்டில் வீசினால் அடுத்த இடத்துக்குப் போ. இரண்டு கையையும் முன்னால் குறுக்கே ஆட்டினால் முடிந்தது, வா. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் அப்படியே நில், அசையாதே, படிக்கிறேன். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் அசையாமல் நின்றார். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஸ்டாஃப் சாய்ந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அங்கே ஆறு மட்டும்தான் இருந்தது.

எதற்குத் தூக்கினேன்? தண்ணீர் வருவதைப் பார்த்து, ஐயோ வந்துடு என்று, எந்த மனுஷனும் பதறினால் கையைத் தூக்குகிற மாதிரி தூக்கினேனா? அல்லது அந்தக் கடைசி எண்ணைப் படித்துவிட வேண்டும், நாளைக்கு மறுபடியும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்று, நில் என்று தூக்கினேனா? மூன்று புள்ளி நான்கு ஒன்று ஐந்து. அந்த இடத்தின் எண் அது. என் மகளுடைய போன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, இது இருக்கிறது. என் கையெழுத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. எண் இருந்ததால் நான் குழாய்க்குள் பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். கையைத் தூக்குவதற்கு முன்னால் எழுதினேனா, பின்னால் எழுதினேனா? முன்னால் என்றால் வேலை முடிந்துவிட்டது, அப்புறம் தூக்கிய கை வா என்ற கை, பதற்றத்தில் மாறிப்போன கை. பின்னால் என்றால் அவரை நிறுத்திவைத்துப் படித்திருக்கிறேன். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் மணி எழுதுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், மருதன் தண்ணீரில் இறங்குகிறார், நான் குனிகிறேன், நிமிர்கிறேன், குனிகிறேன், எங்கேயோ ஓரிடத்தில் நூல் அறுந்துவிடுகிறது. சில சமயம் அவர் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருக்கும். தலைகீழாகத் தெரிந்த முகத்தில் சிரிப்பா வேறெதுவுமா என்று யார் சொல்ல முடியும். வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறேன் போல. தாளில் அட்டைக்கு உப்பு என்பதற்குக் கீழே மூன்று புள்ளி நான்கு ஒன்று ஐந்து என்று எழுதியிருக்கிறேன். எழுதியது தெரியவே இல்லை. அடித்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கீழே மூங்கில் புதரில் கிடைத்தார். மேலதிகாரி ஜீப்பில் வந்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வேலை நேரத்துல செத்தான்னு எழுதினா நீ மாட்டுவே, நானும் மாட்டுவேன். சாராயம் குடிச்சுட்டுக் குளிக்கப் போனான்னு எழுது. இவங்க குடிக்கறவங்கதானேப்பா, யார் கேக்கப் போறா.” நான் அறிக்கையை அப்படியே எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு, எல்லோரும் சொல்வார்கள். மருதன் குடித்து நான் பார்த்ததே இல்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது அவருடைய மனைவி தார்ப்பாய்க்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள், நிறைமாசம், அந்தப் பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே வந்து முக்காலிக்குக் கீழே உட்காரவில்லை. அந்த வாரமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு நாகுவின் அப்பா கேட்டார், மானாத்துல வேலை எப்படி இருந்துச்சுங்க தம்பி என்று. அட்டையும் மழையுந்தானுங்க என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

போன் அடித்தது. இல்லை, நான்தான் போட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார்கள். “மானாறு பூங்கா, சொல்லுங்க சார்” என்று ஓர் இளம்பெண் குரல். என்ன சொல்ல வேண்டும் என்று தாளைப் பார்த்தேன், அடித்ததும் அடிக்காததுமாக ஒன்றும் விளங்கவில்லை. “சனிக்கிழமை... நாலு பேரு. நடக்கறதுக்கு மூணு” என்றேன். “கோபுரப் பாதையா சார், ஆத்துப் பாதையா?” “கோபுரம். இல்லம்மா, ஆறு. ஆறுக்கு இடம் இருக்குதுங்களா?” “இருக்கு சார். பெரியவங்க இருந்தா கஷ்டம், எட்டு கிலோமீட்டர். முன்னாடி வந்திருக்கீங்களா?” “நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால.” அவள் சிரித்தாள். “அப்ப நான் பொறக்கவே இல்ல சார்.” இதோடு பெயர்களைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் சனிக்கிழமை போயிருப்போம், மாப்பிள்ளை போட்டோ எடுத்திருப்பார், நான் குரங்குக் கதை சொல்லியிருப்பேன். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. “அங்க ஊர்ல மருதன்னு ஒருத்தர் இருந்தார். அவங்க வீட்டாளுங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?” “எங்க கேன்டீன் நஞ்சியக்கா அப்பா பேரு மருதன்தான். இங்கயே இருக்காங்க சார், இருங்க, குடுக்கறேன்” என்றாள். வேண்டாம் என்பதற்குள் அவள் போனோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள், செருப்புச் சத்தம், கதவு, பாத்திரங்கள். நஞ்சி. அதுதான் அந்தப் பெயர். வைத்துவிடு, சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நில், அசையாதே என்று இப்போது எனக்கு யார் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

“ஆரு?” கனத்த குரல். ஐந்து வயதுப் பிள்ளை பேசும் என்று எதிர்பார்த்தேனா, திடுக்கென்றது. ஐம்பது வயதுப் பெண் பேசுகிறாள். “எம்பேரு அவினாசியப்பன். அந்தக் காலத்துல சர்வே முகாம்ல...” “லெவல் சாரா?” என்றாள். “ரெண்டு லெவல் சாரு இருந்தாங்களே. குட்டையா, நெட்டையா?” “நெட்டை.” பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். “எங்கப்பன எதுக்குக் கேட்டீங்க?” சாதாரணமாகத்தான் கேட்டாள். சும்மா, விசாரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷமாக எத்தனை விதமாக நடந்ததை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன், அந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. “அவரு குடிச்சிருக்கல” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “குளிக்கவும் போகலம்மா. வேலையில நின்னாரு. நான்தான் ஆத்துக்குள்ள போகச் சொன்னேன். குடிச்சாருன்னு எழுதுனதும் நான்தான். பொய்யி.” அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. கூட்டிக் கழித்துச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது, அந்தக் கை, அந்த இலை, மேலதிகாரி, என் வயது இருபத்தாறு. எதையும் சொல்லவில்லை.

“எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு” என்றாள் நஞ்சி. “உங்கப்பன் குடிக்க மாட்டான், உங்கப்பன் குடிக்க மாட்டான்னு. நாங்களே நம்பல. தம்பி அப்ப வயித்துல. பள்ளிக்கூடத்துல அவன குடிகாரன் மவனேன்னுதான் கூப்புடுவாங்க. அதுக்காகவே படிப்ப விட்டான்.” நான் அம்மா, அம்மா என்று என்னவோ சொல்ல வந்தேன். “இருங்க. இத எனக்கு மட்டும் சொல்லாதீங்க. போன்ல சொல்லாதீங்க. வியாழக்கிழம தம்பி வீட்ல இருப்பான். ஊருக்கு வந்து, எல்லாரும் இருக்கறப்ப, வாயால சொல்லுங்க. அவன் கோவக்காரன். அடிச்சாலும் அடிப்பான். வருவீங்களா?” வர்றேன் என்றேன். “வருவீங்களா?” என்று மறுபடியும் கேட்டாள், முதல் தடவை சொன்னது காதில் விழாத மாதிரி. “வர்றேன் நஞ்சி.” பெயரைச் சொன்னதும் அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதலில் பேசிய இளம்பெண்ணின் குரல் வந்தது. “சார், அப்ப சனிக்கிழமை நாலு பேர் போட்டுக்கட்டுமா?” “வேண்டாம்மா. வியாழக்கிழமை. ஒருத்தர்.” “ஒருத்தருக்கு ஆத்துப் பாதை விட மாட்டோம் சார்.” “பாதைக்கு இல்லம்மா. ஊருக்கு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமை என்றால் நாளை மறுநாள், எந்த பஸ், எங்கே இறங்குவது, அந்த ஊர் இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறதா, என்னை அடித்தால் கீழே விழாமல் நிற்க முடியுமா, வதனியிடம் என்ன சொல்வது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன, கால் இரண்டும் தண்ணீரில் நிற்கிற மாதிரி கனத்தன.

நிமிர்ந்தால் நாகு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. “யாருங்க மருதன்?” என்றாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயில் இப்போதுதான் கேட்கிறேன். “அடுப்ப நிறுத்திட்டு வந்து உக்காரு” என்றேன். நிறுத்திவிட்டு வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சொன்னேன். இலையிலிருந்து ஆரம்பித்தேன், பிறகு முன்னால் போனேன், பிறகு அறிக்கைக்குத் தாவி, மறுபடியும் ஆற்றுக்கு வந்தேன், ஒழுங்காக வரவில்லை. முடிந்தபிறகு அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு குரங்குக்காக என்று நான் சொல்லும்போதெல்லாம் கூடவே சிரித்தவள், அந்தச் சிரிப்புகளையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறாளோ என்று பயந்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். “அந்தப் பொம்பள நெறமாசமா நின்னுச்சுன்னீங்களே” என்றாள். “ஆமா.” “அப்பறம் வதனி பொறந்தப்பக்கூட நீங்க எங்கிட்ட இதச் சொல்லல.” “சொல்லல.” அவள் தலையை ஆட்டினாள், சரி என்றா, இப்படிப்பட்ட ஆளா நீ என்றா, கேட்கத் துணிச்சல் இல்லை. பிறகு கேட்டாள். “கையத் தூக்குனீங்களே. வான்னு தூக்குனீங்களா, நில்லுன்னு தூக்குனீங்களா?” யாரும் என்னைக் கேட்டிராத கேள்வி. வா என்று சொல்ல வாய் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. “தெரியல நாகு. சத்தியமாத் தெரியல.” அவள் எழுந்து, அடித்தும் திருத்தியும் கிடந்த காலண்டர் தாளை எடுத்து நாலாக மடித்து ஓரமாக வைத்தாள். “வியாழக்கெழம நானும் வர்றேன். முட்டி கெடக்குது. அங்க போயி மத்ததெல்லாம் சொல்றப்ப, இதையும் சொல்லுங்க” என்றாள். “தெரியலைன்னே சொல்லுங்க.”